மூச்சு மீளும் வழி

“நீரைத்தான் எடுத்துவிட்டார்களே, இன்னும் ஏன் வாப்பாவுக்கு மூச்சு முட்டுகிறது?” நெஞ்சில் நீர் கோத்து, வைத்தியசாலை சென்று மீண்ட முதியவர்களைக் கல்முனைப் பகுதியில் காணச் செல்லும்போதெல்லாம் இக்கேள்வி என் செவியில் விழுகின்றது. மருதமுனைத் தறிக்காரர் இல்லத்திலும் சாய்ந்தமருதுக் கடற்றொழிலாளர் இல்லத்திலும் கவலை ஒன்றே. கேள்வி நியாயமானது, விடை அறியாமையால் நேரும் தீங்கோ பெரிது.

சுவாசப்பையைச் சூழ்ந்த இரு மெல்லிய சவ்வுகளுக்கிடையே இயல்பாகவே சிறிது நீர் உண்டு. பக்கத்துக்கு இரண்டொரு தேக்கரண்டி அளவே அது; சவ்வுகள் உராயாது வழுக்க உதவுவது. இதயம் தளர்ந்தாலும், நிமோனியா, கசநோய், புற்றுநோய் போன்றவை பற்றினாலும் அந்நீர் பெருகுகின்றது. சுவாசப்பை ஒடுங்க, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் பிரிமென்றகடு கீழே அழுத்தப்படுகின்றது.

விலாவெலும்புகளினூடே ஊசி செலுத்தி அந்நீரை உறிஞ்சும் முறையை, 1850ஆம் ஆண்டு முதலாக அமெரிக்காவின் பொஸ்டன் நகர வைத்தியர் ஹென்றி பௌடிச் பரப்பினார். முழுவதையும் ஒரே தடவையில் எடுத்துவிடுவது எப்போதும் நன்றன்று. ஒரு தடவையில் ஏறத்தாழ 1.5 லீற்றருக்கு மேல் எடுக்க வைத்தியர்கள் தயங்குவர். நெடுநாள் ஒடுங்கிய சுவாசப்பை திடீரென விரிந்தால், அதனுள்ளேயே நீர் கசியக்கூடும்.

நீர் வடிந்ததும் பிரிமென்றகடு மேலெழும். சுமை இறங்கியதைப் பெரும்பாலோர் உணர்வர். ஆயினும் ஒடுங்கிக் கிடந்த நுண்ணிய காற்றறைகள் யாவும் அக்கணமே திறந்துவிடா. முதியவருக்கு விலாக்கூடு விறைத்தும் தசைகள் தளர்ந்தும் இருத்தலால், மீட்சிக்குச் சில வாரங்களோ சில மாதங்களோ செல்லலாம். சவ்வு தடித்துச் சுவாசப்பையைச் சிறைப்படுத்தியிருப்பின், அது முற்றும் விரியாமலும் போகலாம்.

இங்கேதான் நமது அன்பே பகையாகின்றது. “வாப்பா, எழும்பாதீங்க, படுங்க” என்று பிள்ளைகள் தடுப்பதை நான் பன்முறை கண்டிருக்கின்றேன். நாட்கணக்கான படுக்கை கால்களை மெலிவிக்கும்; சுவாசப்பையின் அடிப்பாகம் விரிவதையும் தடுக்கும். நிமிர்ந்து அமர்ந்து உண்ணுதலும், வைத்தியர் இசைவுடன் ஆழ்ந்து மூச்சிழுத்துச் சற்றே நிறுத்தி விடுதலும், முதல் நாள் முற்றம்வரை, மறுநாள் வீதிவாசல்வரை, பின்னர் அஸர் தொழுகை முடிந்ததும் கடற்கரை நோக்கியென நடையைச் சிறிது சிறிதாகக் கூட்டுதலுமே நலம் பயப்பன.

நீர் சேர்ந்த காரணத்தையும் மறத்தலாகாது. இதயம் தளர்ந்தவர் கருவாட்டின் உப்பைக் குறைத்தல் வேண்டும். கசநோயாளர், மூச்சு இலேசாகிவிட்டதென்று மருந்தை இடையில் விடலாகாது. குறைந்தது 6 மாதம் அதனை உட்கொள்ளல் வேண்டும். திடீர் மூச்சுமுட்டு, நெஞ்சுநோவு, காய்ச்சல், இரத்தம் கலந்த சளி ஆகியன தோன்றின், ஒரு பொழுதும் தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்க.

நோயுற்றோரைச் சென்று காண்பது நம்மிடையே பேணப்படும் நற்பழக்கம். இனிச் செல்லும்போது, கொண்டுபோன பழங்களைக் கொடுத்துவிட்டு, அவர் கைபற்றிப் பத்தடி நடந்துவிட்டும் வருவோமாக.