நிலம் வாங்குமுன் கோர்ட்டுப் பதிவேட்டையும் பாருங்கள்

மாடு வாங்கப் போகிறவர் பல்லைப் பிடித்துப் பார்ப்பார், சுழி பார்ப்பார், நடக்க விட்டும் பார்ப்பார். விதை வாங்குகிறவர் முளைப்புத் திறனைக் கேட்டறிவார். ஆனால் வாழ்நாள் சேமிப்பு முழுவதையும் போட்டு ஓர் ஏக்கர் நிலம் வாங்கும்போது, பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் மட்டும் பார்த்துவிட்டு முன்பணம் கொடுத்து விடுகிற விவசாயிகள் பலர். அந்த நிலத்தின் மேல் கோர்ட்டில் ஒரு தாவா நடந்து கொண்டிருக்கலாம். வில்லங்கச் சான்றில் அது தெரியாமலே போகலாம்.

முன்பு இதை அறிய வேண்டுமானால் கோர்ட்டுக்கு நேரில் சென்று, வக்கீல் குமாஸ்தா மூலம் பதிவேட்டைப் புரட்ட வேண்டும். 2007ஆம் ஆண்டு தொடங்கிய இ-கோர்ட்ஸ் திட்டத்தின் பயனாக, மாவட்ட, தாலுகா கோர்ட்டுகளின் வழக்கு விவரங்களை இன்று இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் கட்டணமின்றிப் பார்க்கலாம். செல்பேசியிலும் பார்க்கலாம்.

வில்லங்கச் சான்று எதைக் காட்டும்?

சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவான கிரயம், அடமானம், தான செட்டில்மென்ட், பாகப்பிரிவினைப் பத்திரம் போன்றவற்றை வில்லங்கச் சான்று காட்டும். கோர்ட் ஜப்தி உத்தரவு சார்பதிவாளருக்கு அனுப்பப்பட்டுப் பதிவாகியிருந்தால் அதுவும் வரும். ஆனால் ஒருவர் கோர்ட்டில் பிராது கொடுத்ததும் அந்த வழக்கு வில்லங்கச் சான்றில் தானாக ஏறிவிடாது.

எடுத்துக்காட்டாக, 3 ஏக்கர் பூர்வீக நிலம் இரண்டு அண்ணன் தம்பிகள் பெயரில் பட்டாவாகி இருக்கிறது என்று வைத்துக் கொள்வோம். அவர்களுடைய சகோதரி, தனக்கும் பங்கு உண்டு என்று பாகப்பிரிவினை வழக்குப் போட்டிருக்கிறார். தமிழ்நாட்டில் 1989ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தமும், நாடு முழுவதற்குமான 2005ஆம் ஆண்டுத் திருத்தமும் இந்துக் குடும்பப் பூர்வீகச் சொத்தில் பெண்களுக்குப் பங்கு அளித்தன. இந்த உரிமை பிறப்பால் வருவது என்றும், 2005ஆம் ஆண்டுத் திருத்தம் வந்த நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்றும் சுப்ரீம் கோர்ட் 2020ஆம் ஆண்டு தீர்ப்பளித்தது. ஆகவே இத்தகைய வழக்கை இலேசாக எண்ணிவிட முடியாது.

வழக்கு நடக்கும்போதே அண்ணன் தம்பிகள் ஓர் ஏக்கரை விற்றுவிடுகிறார்கள். வாங்கியவர் ஆழ்குழாய்க் கிணறு போட்டுத் தென்னங்கன்று நடுகிறார். தென்னை பாளை விடும் காலத்தில், சகோதரிக்கு மூன்றில் ஒரு பங்கு உண்டு என்று டிக்ரி ஆகிறது. 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 52ஆவது பிரிவின்படி, வழக்கு நடக்கும்போது வாங்கியவரும் அத்தீர்ப்புக்குக் கட்டுப்பட்டவர். 'வழக்கு இருப்பது தெரியாது' என்பது அவருக்குக் கைகொடுக்காது. தமக்கு விற்றவர்களின் பங்கில் தம் நிலத்தை ஒதுக்கித் தரும்படி அவர் கோர்ட்டைக் கேட்கலாம். ஆனால் தென்னை வைத்த அதே இடம்தான் கிடைக்கும் என்று உறுதி கூற இயலாது.

தேடும் முறை

அரசின் இணையதள முகவரி 'சர்வீசஸ் டாட் இகோர்ட்ஸ் டாட் ஜிஓவி டாட் இன்' என்பதாகும். முகவரியின் கடைசியில் 'ஜிஓவி டாட் இன்' என்று இருக்கிறதா என்பதைக் கவனிக்க வேண்டும். பணம் கட்டினால்தான் விவரம் தருவோம் என்று சொல்லும் தனியார் தளங்களை நாட வேண்டியதில்லை.

முதலில் 'வழக்கு நிலை' என்ற பகுதிக்குச் சென்று மாநிலம், மாவட்டம், கோர்ட் வளாகம் ஆகியவற்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். விற்பவர் எந்த ஊரில் குடியிருந்தாலும், நிலம் பற்றிய வழக்கு பொதுவாக நிலம் இருக்கும் எல்லைக்குரிய கோர்ட்டில்தான் நடக்கும். ஆகவே நிலம் அமைந்த தாலுகாவுக்குரிய வளாகத்தைப் பார்க்க வேண்டும். சொத்து மதிப்பைப் பொறுத்து வழக்கு முன்சீப் கோர்ட்டிலோ, சப் கோர்ட்டிலோ, மாவட்டக் கோர்ட்டிலோ இருக்கலாம் என்பதால் மூன்றையும் பார்ப்பது நல்லது. தென்காசி, கள்ளக்குறிச்சி, மயிலாடுதுறை போன்ற புதிய மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள் பழைய மாவட்டத்தின் கீழும் தேடிப் பார்க்க வேண்டும்.

அடுத்து, 'வழக்குதாரர் பெயர்' என்பதைத் தேர்ந்தெடுத்து, பெயரில் குறைந்தது 3 எழுத்துகளையும், வழக்குப் பதிவான ஆண்டையும் இட வேண்டும். நடப்பில் உள்ளவை, முடிந்தவை, இரண்டும் என மூன்று வகை இருக்கும். 'இரண்டும்' என்பதையே தேர்ந்தெடுக்க வேண்டும். படத்தில் தெரியும் எழுத்துகளையும் எண்களையும் அப்படியே பதிந்து கொடுத்தால் வழக்குகளின் பட்டியல் வரும்.

பட்டியலில் உள்ள ஒரு வழக்கைத் திறந்தால் வாதி, பிரதிவாதி, வக்கீல்கள், அடுத்த வாய்தா, வழக்கு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்ற விவரங்கள் கிடைக்கும். உத்தரவுகள் ஏற்றப்பட்டிருந்தால் அவற்றையும் படிக்கலாம். ஒவ்வொரு வழக்குக்கும் 16 இலக்கச் 'சி.என்.ஆர்.' எண் உண்டு. தமிழ்நாட்டு வழக்குகளுக்கு இது 'டி.என்.' என்ற எழுத்துகளுடன் தொடங்கும். கடைசி 4 இலக்கம் ஆண்டைக் குறிக்கும். இந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டால் மறுமுறை நேரே அந்த வழக்குக்குப் போய்விடலாம்.

ஓ.எஸ். என்பது அசல் தாவா, ஏ.எஸ். என்பது மேல்முறையீடு, எஸ்.ஏ. என்பது ஐகோர்ட்டில் நடக்கும் இரண்டாம் மேல்முறையீடு; ஐ.ஏ. என்பது இடைக்கால மனு, ஈ.பி. என்பது டிக்ரியை நிறைவேற்றக் கோரும் மனு.

ஐகோர்ட் வழக்குகளுக்கு இதே திட்டத்தில் தனித் தளம் இருக்கிறது. தென் மாவட்டங்களுடன் திருச்சி, தஞ்சாவூர், கரூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் வழக்குகள் 2004ஆம் ஆண்டு தொடங்கிய மதுரைக் கிளையைச் சேர்ந்தவை.

பெயரில் வரும் சிக்கல்

பெயர்கள் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில் பதிவாகியுள்ளன. பலர் ஏமாறுவது இங்கேதான். 'பழனி' என்பதில் வரும் ழகரத்தை ஒரு கோர்ட்டில் 'இசட் ஹெச்' என்றும், மற்றொன்றில் 'எல்' என்றும் எழுதியிருப்பார்கள். தங்கவேல், கோவிந்தன் போன்ற பெயர்களுக்கும் இருவேறு எழுத்துக் கூட்டல்கள் உண்டு. முழுப் பெயரையும் இட்டுத் தேடிவிட்டு 'வழக்கு இல்லை' என்று முடிவு செய்யக் கூடாது. மாறாத 3 அல்லது 4 எழுத்துகளை மட்டும் இட்டும், எழுத்துக் கூட்டலை மாற்றியும் தேட வேண்டும்.

விற்பவர் பெயரோடு நின்றுவிடவும் கூடாது. அவருடைய தந்தை, சகோதர சகோதரிகள், அவருக்கு விற்ற முந்தைய உரிமையாளர் ஆகியோரின் பெயர்களையும் பார்க்க வேண்டும். மேலே சொன்ன எடுத்துக்காட்டில் வழக்குப் போட்டவர் சகோதரிதானே! ஏற்கெனவே கிரய ஒப்பந்தம் செய்துகொண்ட ஒருவர், ஒப்பந்தப்படி நிலத்தை எழுதித் தரக் கோரி விற்பவர் மேல் வழக்குப் போட்டிருப்பதும் உண்டு.

பெயர் ஒன்றாக இருப்பதாலேயே ஆளும் ஒன்று என்று எண்ணிவிடக் கூடாது. ஒரே தாலுகாவில் ஒரே பெயருடையவர் பலர் இருப்பார்கள். எந்த நிலத்தைப் பற்றிய வழக்கு என்பது பிராதின் சொத்து விவரத்தில் உள்ள சர்வே எண்ணைப் பார்த்தால்தான் தெரியும். சந்தேகம் எழுந்தால் வக்கீல் மூலம் நகல் மனுச் செய்து, சர்வே எண்ணை ஒத்துப் பார்த்த பிறகே முடிவுக்கு வர வேண்டும். அரைகுறையாகப் பார்த்து ஊரில் ஒருவர் பெயரைக் கெடுப்பது முறையன்று.

முடிந்த வழக்கும் முடியாததே

'அந்த வழக்குத் தீர்ப்பாகி விட்டது' என்று விற்பவர் சொல்லலாம். தீர்ப்பு யாருக்குச் சாதகம் என்பதைப் பார்க்க வேண்டும். சொத்தை ஒப்படைக்கச் சொல்லும் டிக்ரியை நிறைவேற்ற 12 ஆண்டுகள் வரை மனுப் போடலாம். டிக்ரி முழுமையாக நிறைவேறும் வரையில், அல்லது அதை நிறைவேற்றும் காலம் கடந்து போகும் வரையில், வழக்கு நடப்பில் உள்ளதாகவே 52ஆவது பிரிவு கொள்கிறது. எட்டு ஆண்டுக்கு முன் தோற்றவரிடம் நிலத்தை வாங்கியவர், ஒரு நாள் வரப்பில் கோர்ட் அமீனா வந்து நிற்கும்போதுதான் விழித்துக் கொள்வார். ஆகவே கடைசி ஓராண்டு, ஈராண்டு மட்டும் பார்த்தால் போதாது. ஒவ்வோர் ஆண்டாகக் குறைந்தது 15 முதல் 20 ஆண்டுகள் வரை பின்னோக்கிச் செல்ல வேண்டும். ஓர் உழவு நேரம் பிடிக்கும் வேலைதான். ஆனால் வாழ்நாள் உழைப்பைக் காக்கும் வேலை.

தேடலில் அகப்படாதவை

கம்ப்யூட்டரில் ஏற்றப்படாத மிகப் பழைய வழக்குகள் இதில் கிடைக்காமல் போகலாம். பட்டா தொடர்பாக ஆர்.டி.ஓ.விடம் உள்ள மேல்முறையீடும், டி.ஆர்.ஓ.விடம் உள்ள சீராய்வும் கோர்ட் வழக்குகள் அல்ல. அவற்றை அந்தந்த அலுவலகத்தில்தான் விசாரிக்க வேண்டும். தளத்தில் ஒன்றும் இல்லை என்பது நிலம் சுத்தம் என்பதற்குச் சான்றாகாது. பட்டா, தாய்ப் பத்திரம், வில்லங்கச் சான்று ஆகியவற்றோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய இன்னொரு சோதனை இது. மேலும், தளத்தில் இறக்கிய உத்தரவு படித்தறிய மட்டுமே உதவும். மற்ற அலுவலகங்களில் கொடுக்கக் கோர்ட்டில் சான்றிட்ட நகல் பெற வேண்டும்.

சொந்த வழக்குக்கும் உதவும்

வரப்புத் தகராறு, வண்டிப் பாதை, கிணற்றுப் பங்கு என்று வழக்கில் உள்ள விவசாயிகள், தங்கள் சி.என்.ஆர். எண்ணை வக்கீலிடம் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு வாய்தாவுக்கும் முன்னும் பின்னும் அதைப் பார்த்து வந்தால், ஒரு நாள் கூலியையும் பஸ் கட்டணத்தையும் இழந்து வீணாகக் கோர்ட்டுக்கு அலைவது குறையும். அதைவிட முக்கியமான பயன் ஒன்று உண்டு. பிரதிவாதி ஆஜராகாவிட்டால் கோர்ட் எக்ஸ்பார்ட்டி டிக்ரி கொடுத்துவிடலாம். அதை நீக்கக் கோரும் மனுவுக்கு டிக்ரி தேதியிலிருந்து 30 நாட்கள்தான் கெடு. சம்மன் முறையாகச் சேராதிருந்தால், டிக்ரியை அறிந்த நாளிலிருந்து 30 நாட்கள். தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் கோர்ட் மன்னிக்கலாம் என்றாலும், காலத்தோடு அறிந்து கொள்வதே மேல்.

கம்ப்யூட்டர் பழக்கம் இல்லாதவர்கள் கோர்ட் வளாகங்களில் அமைந்துள்ள இ-சேவா மையத்தில் வழக்கு நிலையையும் அடுத்த வாய்தாவையும் கேட்டறியலாம். வீட்டில் படிக்கும் பிள்ளைகளையும் தேடச் சொல்லலாம். பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், குறைந்த வருமானமுடையோர் ஆகியோருக்குச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவச சட்ட உதவி அளிக்கிறது. அதற்கான தொலைபேசி எண் 15100.

நிலம் வாங்க எண்ணும் விவசாயிகள் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே இந்தத் தேடலை முடித்துவிட வேண்டும். பத்திரம் பதியும் நாளுக்கு முந்தைய தினம் மீண்டும் ஒருமுறை பார்க்க வேண்டும். இடைப்பட்ட நாட்களில் புதிய வழக்குப் பதிவாகி இருக்கலாம். வழக்கு இருப்பது தெரிந்தால், வக்கீல் பிராதைப் படித்துச் சொல்லும் வரையில் பணத்தைக் கையிலேயே வைத்திருப்பதுதான் புத்திசாலித்தனம். மழைக்கு முன் மடையைப் பார்த்து வைப்பவருக்கு வெள்ளத்தால் வரும் சேதம் குறைவு.