ஸ்கேனரும் அதன் தொட்டிலும்

விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவில் வீடு திரும்பும் நம்மவர்கள் கோலார் தங்கவயலில் ஆயிரக்கணக்கில் உண்டு. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்ட பிறகு, பல வீடுகளில் அடுப்பு எரிவது அந்த ரயிலால்தான். என் தங்கை மகனும் அதில் போகிறவன். நகருக்கு வெளியே ஒரு கிடங்கில் சரக்கு எண்ணும் வேலை.

சென்ற ஆண்டு ஒரு ஞாயிறன்று முகம் வாடி வந்தான். "மாமா, ராத்திரி முழுக்க எண்ணினேன். கம்ப்யூட்டரில் ஒன்றுமே ஏறவில்லையாம். தூங்கிவிட்டேன் என்று சொல்லி ஒரு நாள் சம்பளத்தைப் பிடித்துவிட்டார்கள்" என்றான்.

"மெஷினை அதன் இடத்தில் சரியாக வைத்தாயா?" என்று கேட்டேன்.

"வைத்தேன் மாமா. சார்ஜ் விளக்குகூட எரிந்தது."

விஷயமே அந்தப் பதிலில்தான் இருந்தது. ரயில்வே சிக்னல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கிடங்கிலும் கடையிலும் கூரியரிலும் நம் பிள்ளைகள் பலர் இந்தக் கருவியைக் கையாள்வதால், எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதுகிறேன்.

பொருள்களின் மேல் கோடுகோடாக இருக்கும் பார்கோடை வாசிப்பது ஸ்கேனர். கடையில் இன்று நாம் காணும் வகைக் கோடு முதன்முதலில் 1974 ஜூன் 26-இல் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் ஒரு சூயிங்கம் பொட்டலத்தில் வாசிக்கப்பட்டது. கையில் எடுத்துச் செல்லும் ஸ்கேனரில் இரண்டு வகை உண்டு. ஒன்று, வாசித்ததை அப்போதைக்கப்போது கம்பியில்லாமல் அனுப்பிவிடும். மற்றது, எல்லாவற்றையும் தன் நினைவிலேயே சேர்த்து வைத்துக்கொண்டு, கிரேடில் என்னும் தாங்கியில் வைத்த பிறகே கம்ப்யூட்டருக்குக் கொடுக்கும். மருமகனுடையது இந்த இரண்டாவது வகை.

கிரேடில் என்றால் தொட்டில். அது வெறும் சார்ஜர் அன்று. இரண்டு வேலை செய்கிறது. பேட்டரிக்கு மின்சாரம் கொடுக்கிறது, கணக்கையும் வாங்கிக்கொள்கிறது.

நம் ஊர்ப் பெரியவர்களுக்கு இது புதிதல்ல. சுரங்கத்து லாம்ப் ரூமை நினைத்துப் பாருங்கள். என் தகப்பனார் ஷிப்டு முடிந்து மேலே வந்ததும் தொப்பி விளக்கைத் தம் நம்பருள்ள இடத்தில் பொருத்துவார். அடுத்த ஷிப்டுக்குள் அது சார்ஜ் ஆகிவிடும். அது மட்டுமா? ஓர் இடம் காலியாக இருந்தால், அந்த ஆள் இன்னும் பூமிக்குள் இருக்கிறான் என்று பொருள். விளக்கைத் தாங்கும் இடமே ஆள் கணக்கும் சொன்னது.

கிரேடிலின் அடியில் சிறிய ஊசிமுனைகள் இருக்கும். ஸ்கேனரை வைத்ததும் அதன் அடியிலுள்ள தகடுகளை அவை தொடும். மின்சாரத்துக்குச் சில முனைகள். செய்தி போக வேறு முனைகள். சில மாடல்களில் செய்தி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியாகச் சிறு ஜன்னல் வழியே போகும். ஆகவே செய்தி முனையில் மட்டும் தூசி படிந்திருந்தால், சார்ஜ் விளக்கு எரியும், கணக்கு போகாது. மருமகனுக்கு நேர்ந்தது இதுவாக இருக்கலாம் என்று எனக்குப் பட்டது.

இத்தகைய முனைகளுக்குப் பெரும்பாலும் தங்க முலாம் பூசுவார்கள். தங்கம் துருப்பிடிக்காது, கறுக்காது என்பதை நமக்குச் சொல்லித்தர வேண்டுமா! ஆனால் அந்த முலாம் மிகமிக மெல்லியது. உப்புத்தாளாலோ கத்தியாலோ சுரண்டினால் போய்விடும். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் மெதுவாகத் துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகே ஸ்கேனரை வைக்க வேண்டும்.

குறை எங்கே என்று காண ஒரு சுலபமான வழி உண்டு. நாலு இடமுள்ள கிரேடிலில் ஸ்கேனரை அடுத்த இடத்துக்கு மாற்றி வையுங்கள். குறை ஸ்கேனரோடு கூடவே போனால் பழுது ஸ்கேனரில். பழைய இடத்திலேயே நின்றால் பழுது கிரேடிலில்.

பேட்டரி பற்றியும் ஒரு வார்த்தை. இன்றைய லித்தியம் பேட்டரியை முழுவதும் இறக்கிவிட்டுத்தான் ஏற்ற வேண்டும் என்பதில்லை. அது பழைய நிக்கல் காட்மியம் காலத்துப் பேச்சு. அதற்குப் பகை சூடுதான். வெயில் படும் ஜன்னலோரத்தில் கிரேடிலை வைக்காதீர்கள். பழைய ஸ்கேனர்கள் சிலவற்றில் பேட்டரி அடியோடு இறங்கினால் நினைவிலுள்ள கணக்கும் அழிந்துவிடும்.

மறுநாள் மருமகன் மேற்பார்வையாளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே ஸ்கேனரை வேறு இடத்துக்கு மாற்றி வைத்தான். அன்றிரவு எண்ணியதெல்லாம் நினைவில் அப்படியே இருந்தது. ஒன்று விடாமல் கம்ப்யூட்டரில் ஏறியது. பழைய இடத்தின் முனைகளில் அட்டைப்பெட்டித் தூசி அப்பிக் கிடந்ததாம். பிடித்த பணம் அடுத்த மாதச் சம்பளத்தில் வந்துவிட்டது. எல்லார் முன்னிலும் "தூங்கிவிட்டாய்" என்று சொன்ன சொல்லை மட்டும் யாரும் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

ஆகவே பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லுங்கள். சார்ஜ் விளக்கை மட்டும் நம்பிக் கிளம்ப வேண்டாம். கணக்கு போய்ச் சேர்ந்தது என்று திரை சொல்கிறதா என்று பார்த்து, எண்ணிக்கையை ஒரு சீட்டில் குறித்துக்கொண்டு, அதன் பிறகு ரயிலுக்கு ஓடட்டும். அதற்கு இரண்டு நிமிடம் போதும்.