அ வெரி ஃபைன் லவ் (இசைத்தொகுப்பு)

'அ வெரி ஃபைன் லவ்' என்பது ஆங்கிலேயப் பாப் பாடகி டஸ்டி ஸ்பிரிங்ஃபீல்டின் கடைசி ஸ்டூடியோ இசைத்தொகுப்பு ஆகும். பத்துப் பாடல்கள் கொண்ட இதனைக் கொலம்பியா நிறுவனம் 1995 ஜூன் மாதம் வெளியிட்டது. விற்பனையில் இது வெற்றி பெறவில்லை.

பின்னணி

1939-இல் லண்டனில் பிறந்த டஸ்டி, 1960களில் பிரிட்டனின் முன்னணிப் பாடகிகளில் ஒருவராக விளங்கினார். 1970களில் அவரது புகழ் மங்கியது. 1987-இல் பெட் ஷாப் பாய்ஸ் குழுவினருடன் பாடிய பாடல் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இரண்டாம் இடம் பிடித்து அவரை மீண்டும் மேடைக்குக் கொண்டுவந்தது. 1990-இல் வெளியான 'ரெப்யூட்டேஷன்' தொகுப்பு பிரிட்டனில் 18-ஆம் இடத்தை எட்டியது. அடுத்த தொகுப்பின் மீது எதிர்பார்ப்பு உண்டானது இதனால்தான்.

ஒலிப்பதிவு

1994-இல், கன்ட்ரி இசையின் தலைமையிடமான அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் பாடல்கள் பதிவாயின. டாம் ஷபீரோ தயாரித்தார். அதே ஆண்டில் டஸ்டிக்கு மார்பகப் புற்றுநோய் இருப்பது கண்டறியப்பட்டது. சிகிச்சைக்காக வெளியீடு தள்ளிப்போனது.

விற்பனை

பிரிட்டன் பட்டியலில் தொகுப்பு 43-ஆம் இடத்தோடு நின்றது. டேரில் ஹாலுடன் பாடிய 'வேரெவர் வுட் ஐ பீ' 44-ஆம் இடமும், 'ரோல் அவே' 68-ஆம் இடமும் பெற்றன.

இதற்கான காரணங்களை எளிதில் புரிந்துகொள்ளலாம். ஒரு பாப் தொகுப்பு விற்க, பாடகர் ஊர் ஊராகச் சென்று பாட வேண்டும். பேட்டிகள் தர வேண்டும். சிகிச்சை முடிந்து தேறிவந்த டஸ்டியால் ஓரளவே அவ்வாறு செய்ய முடிந்தது. மேலும், 1995-இல் பிரிட்டன் இளைஞர்களின் கவனம் ஒயாசிஸ், பிளர் போன்ற கிட்டார் குழுக்களின் பக்கம் இருந்தது. நாஷ்வில் சாயல் கொண்ட அமைதியான பாடல்களுக்கு அந்தச் சந்தையில் இடம் குறைவு.

மதிப்பீடு

விற்பனை எண்ணை மட்டும் கொண்டு ஒரு தொகுப்பின் தரத்தைத் தீர்மானிக்க இயலாது. டஸ்டியின் வாழ்விலேயே இதற்குச் சான்று உண்டு. 1969-இல் வந்த 'டஸ்டி இன் மெம்பிஸ்' அமெரிக்காவில் 99-ஆம் இடத்தைத் தாண்டவில்லை. பின்னாளில் அது அவரது தலைசிறந்த படைப்பு எனப் போற்றப்பட்டது. அமெரிக்கக் காங்கிரசு நூலகமும் பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகளுள் அதனைச் சேர்த்தது.

'அ வெரி ஃபைன் லவ்' அத்தகைய உயரத்தை எட்டவில்லை என்பது உண்மையே. ஆயினும், நோயின் வாசலில் நின்ற ஒரு கலைஞரின் குரலை அது நமக்குப் பத்திரப்படுத்தித் தந்துள்ளது. நோய் மீண்டும் தாக்க, டஸ்டி 1999 மார்ச் 2 அன்று காலமானார். அதே மாதத்தில் ராக் அண்ட் ரோல் புகழ்மன்றத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது.