வீடு வாங்குமுன் – 6: சமையற்கட்டின் விரிசல்

கிராண்டு என்னும் நில உரிமைப் பத்திரம் சுத்தமாக இருக்கிறது, வங்கியும் ஆள் அனுப்பி வீட்டைப் பார்த்துவிட்டது, இனி எதற்கு ஐயா இன்னொரு பரிசோதனை என்று, சென்ற வாரக் கட்டுரையைப் படித்த ஜோகூர் நண்பர்கள் சிலர் என்னைக் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். 1966ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி அமலுக்கு வந்த நம் தேசிய நிலச் சட்டம், பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென் ஆஸ்திரேலியாவில் டாரன்ஸ் வகுத்த பதிவு முறையைத் தழுவி எழுந்தது ஆகையால், பதிவேட்டில் யாருடைய பெயர் ஏறியிருக்கிறதோ அவருடைய பாத்தியதையை, மோசடி முதலிய சில சந்தர்ப்பங்களைத் தவிர, அசைக்க முடியாதென்ற பெரும் பாதுகாப்பை அது அளிக்கிறது. ஆனால் அந்தக் கிராண்டில் மனையின் எண்ணும் பரப்பும் வரைபடமும் இருக்குமேயன்றி, கூரையின் வயதும் சுவரின் ஆரோக்கியமும் இரா.

வங்கி அனுப்பும் மனிதர் மதிப்பீட்டாளர். கடன் திரும்பாமற்போனால் அந்த வீடு என்ன விலைக்குப் போகும் என்பதை வங்கிக்குச் சொல்வதே அவருடைய காரியம். 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் உரிமம் பெற்ற நில அளவையாளரோ எல்லைக்கற்களைத் தேடி அளந்து, வேலி நம் மனைக்குள் நிற்கிறதா, அண்டை வீட்டார் மனைக்குள் நிற்கிறதா என்று சொல்லக்கூடியவர். அஸ்திவாரம் முதல் கூரை வரை கட்டடத்தின் தேகநிலையைப் பரிசோதிக்கிறவர் மூன்றாமவராகிய கட்டட ஆய்வாளர். மலேசிய அரச சர்வேயர்கள் கழகத்தில் இம்மூவரும் தனித்தனிப் பிரிவினராக இருக்க, நம்மிடையே மூவருக்கும் ‘சர்வேயர்’ என்ற ஒரே பெயர் வழங்குவதால், ஒருவர் வந்து போனதுமே மற்ற இருவருடைய வேலையும் முடிந்துவிட்டதென்று நினைத்துவிடுகிறோம். இங்கிலாந்தில் வீடு வாங்குகிறவர் தம் சொந்தச் செலவில் இத்தகைய பரிசோதனையை மூன்று படிகளில் ஒன்றாகத் தேர்ந்துகொள்ள வழியிருக்கிறது. பழைய வீட்டுக்கும் மாற்றிக் கட்டிய வீட்டுக்கும் மூன்றாவதாகிய விரிவான படியே ஏற்றது என்பார்கள். நம் குடியிருப்புத் தாமான்களிலோ, முப்பது வருஷத்து வரிசை வீட்டில் இடித்து நீட்டாத சமையற்கட்டைக் காண்பதே அரிதாயிருந்தும், வாசற்படி எந்தத் திசை பார்க்கிறதென்று விசாரிக்கும் நாம், சுவர் எந்தப் பக்கம் சாய்கிறதென்று விசாரிப்பதில்லை.

தோட்டத்தில் பிறந்து, விடியற்காலை நாலு மணிக்கெழுந்து பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வந்து பணம் சேர்த்த நண்பர் ஒருவர், ஸ்கூடாய்ப் பக்கத்தில் ஒரு வீட்டை விலைபேசிவிட்டு என்னையும் பார்க்க அழைத்திருந்தார். புதுச் சாயத்தின் வாசனை தெருவிலேயே வீசிற்று. பின்புறம், முந்தைய உரிமையாளர் சந்து வரை நீட்டிக் கட்டிய விசாலமான சமையற்கட்டைக் கண்டு நண்பரின் மனைவியாருக்கு உண்டான சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. நான் அழைத்துப் போயிருந்த ஆய்வாளர் பேசாமல் உள்ளே போய், தரைக்கற்களை ஒரு காசால் தட்டிக்கொண்டே நடந்தார். பழைய வீடு முடிந்து புதுப்பகுதி தொடங்கும் இடத்தில் சத்தம் டொக்கென்று மாறியது. ரசமட்டத்தைத் தரையில் வைத்தபோது குமிழி ஒரு பக்கமாக ஓடி நின்றது. பிறகு பாத்திரம் கழுவும் தொட்டியின் அடியில் மண்டியிட்டு டார்ச்சை அடித்தார். சாயக்காரரின் தூரிகை எட்டாத அந்த இடத்தில், படிப்படியாகச் சரிந்து மேலேறும் ஒரு விரிசல். அதற்குள் அவர் நுழைத்த வெள்ளிக் காசு பாதி மறைந்தது.

காரணத்தை அவர் நிதானமாக விளக்கினார். பழைய வீடு பைல் அடித்த அஸ்திவாரத்தின்மேல் நிற்கிறது. நீட்டிய பகுதியோ மேலோட்டமாகத் தோண்டிய கடைக்காலின்மேல், நிரப்பிய மண்ணில் அமர்ந்திருக்கிறது. ஒன்று நிற்க மற்றொன்று இறங்க, சேர்ந்த இடம் பிளக்கிறது. பூசி மூடினாலும் இறக்கம் ஓயும்வரை மறுபடி பிளக்கும். பொந்தியான், பத்து பஹாட் பக்கத்துக் கரையோரக் களிமண்ணிலும் கரிச்சதுப்பு நிலத்திலும் முழு வீட்டுக்குமே இந்தக் கவலை உண்டென்றும், அங்கே கார் நிறுத்துமிடத்துக்கும் வாசலுக்கும் நடுவே விழும் இடைவெளியை முதலில் பார்க்கவேண்டுமென்றும் சொன்னார். 2006 டிசம்பரிலும் மறுமாதமே மறுபடியும் வெள்ளத்தில் ஆழ்ந்த கோத்தா திங்கி, 2023 மார்ச்சில் நீரில் நின்ற பத்து பஹாட், சிகாமட் முதலிய இடங்களிலோ, பதித்த அலமாரியின் உட்புறத்திலும் கதவு நிலையின் அடியிலும் பழைய ஓதத்தின் கோட்டைத் தேடவேண்டும். சாயம் அங்கே போவதில்லை.

புதிதாகக் கட்டி விற்கும் நிறுவனத்திடம் வாங்கினால், சாவி பெற்ற நாள் முதல் 24 மாதங்களுக்குள் தோன்றும் குறைகளை அவர்களே தீர்த்துத் தரவேண்டும். தவறினால் ஐம்பதாயிரம் வெள்ளி வரையிலான கோரிக்கையோடு வீடு வாங்குவோர் நடுவர் மன்றத்துக்குப் போகலாம். கைமாறும் பழைய வீட்டுக்கு இந்தப் பாக்கியம் இல்லை. உள்ளது உள்ளபடியே வாங்கிக்கொள்வதாக ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கும். பத்து சதவிகித முன்பணமும் அன்றே நம் கையை விட்டுப் போய்விடும். ஆகவே கட்டடப் பரிசோதனை நடக்கவேண்டியது ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் மட்டுமல்ல, தரகரிடம் இரண்டு மூன்று சதவிகிதத்தை அச்சாரமாகக் கொடுப்பதற்கும் முன்பே என்பது என் திடமான அபிப்பிராயம். அச்சாரம் கொடுத்தே தீரவேண்டிய நிர்ப்பந்தம் வந்தால், ஆய்வாளரின் அறிக்கை திருப்தியாக இராவிடில் பணம் திரும்பவேண்டுமென்று அச்சாரக் கடிதத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளவேண்டும்.

நண்பர் அந்த வீட்டை வாங்கவில்லை. ஆய்வுக்குக் கொடுத்த பணம் வீண் என்று அவர் மனைவியார் இரண்டு வாரம் வருத்தப்பட்டார்கள். ஆனால் மூன்று தெரு தள்ளி இன்னொரு வீடு விலைக்கு வந்தபோது, ஆய்வாளரைத் தொலைபேசியில் அழைத்தவர்கள் அந்த அம்மாளே. அங்கே கூரைத் தகரக் கால்வாய் துருப்பிடித்திருந்ததைத் தவிரப் பெரிய பழுது இல்லை. சாவி கொடுக்குமுன் அதை மாற்றித் தருவதாக விற்றவர் எழுதிக் கொடுத்தார். சமையற்கட்டு குறுகியதுதான். அதை முறைப்படி நீட்ட நகராண்மையிடம் வரைபடம் கொடுத்து அனுமதி பெறும் விவரத்தை அடுத்த வாரம் எழுதுகிறேன்.

(தொடரும்)