வொர்க் ஃப்ரம் ஹோம் ஆஃபரும் நல்ல மேனேஜரும்

ஆவடியிலிருந்து சிறுசேரி சிப்காட்டுக்கு ரோட்டு வழியாகப் போனால் 50 கிலோமீட்டர் போல வரும். நெமிலிச்சேரியில் வெளிவட்டச் சாலையைப் பிடித்து, வண்டலூரில் இறங்கி, அங்கிருந்து கேளம்பாக்கம் ரோடு. சொந்த வண்டியும் கம்பெனி கேபும் இல்லாதவருக்கு வேறு வழி: மின்சார ரயிலில் மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ், நடந்து பார்க் டவுன், பறக்கும் ரயிலில் பெருங்குடி, அப்புறம் பஸ். தினமும் இப்படி அலைகிறவருக்கு ‘முழுக்க வீட்டிலிருந்தே வேலை’ என்று ஓர் ஆஃபர் வந்தால் மனசு தாவத்தான் செய்யும். ஆனால் இப்போது இருக்கிற இடத்தில் மேனேஜர் நல்லவர், டீமும் ஒத்துப்போகிறது, அப்பாவுக்கு ஆஞ்சியோ செய்த வாரம் “போயிட்டு வாம்மா, வேலையை நாங்க பாத்துக்கறோம்” என்று அனுப்பி வைத்தார்கள் என்றால் என்ன செய்வது?

அலுப்பு ஆபீஸ் மேலா, வழி மேலா என்பதை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். கொரட்டூரில் குடியிருந்து அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்க்கிறவர் இந்தக் கேள்வியைக் கேட்பதே அபூர்வம். வழிதான் பிரச்சினை என்றால் வீட்டிலிருந்து வேலை ஒன்றே மருந்து இல்லை. அம்பத்தூர் எஸ்டேட்டுக்குள்ளேயே ஐ.டி. பார்க்குகள் இருக்கின்றன. பட்டாபிராமில் ரூ.330 கோடியில் 21 மாடி டைடல் பார்க் 2024 நவம்பரில் திறக்கப்பட்டது. பூந்தமல்லி–கலங்கரை விளக்கம் மெட்ரோ தடமும் (26.1 கி.மீ.) மாதவரம்–சோழிங்கநல்லூர் தடமும் ஆலப்பாக்கம் பக்கம் சந்திக்கின்றன, இரண்டும் முழுதாக ஓட ஆரம்பித்தால் பூந்தமல்லிக்காரர் ஓ.எம்.ஆர். போகும் கணக்கே மாறிவிடும். கம்பெனிக்குள்ளேயே கிளை மாற்றம் கேட்பதும் ஒரு வழி. பலருக்கு அது தோன்றுவதே இல்லை.

வீட்டில் இருப்பதுதான் வேண்டும் என்று தெளிவாகிவிட்டால், அடுத்து பார்க்க வேண்டியது எது எவ்வளவு நாள் நிற்கும் என்பது. நல்ல மேனேஜர் ஓர் ஆள். அவர் பெங்களூருவுக்கோ வேறு புராஜெக்ட்டுக்கோ போய்விட்டால், ஆஞ்சியோ வாரத்துக் கருணையும் கூடவே போய்விடலாம். வீட்டு வேலைச் சலுகையோ ஒரு கொள்கை. அதை மாற்ற ஒரே ஒரு மெயில் போதும். 2020-ல் டி.சி.எஸ். நிறுவனம், 2025-க்குள் தன் ஊழியர்களில் 25 சதவீதம் பேர் மட்டும் ஆபீஸ் வந்தால் போதும் என்று அறிவித்தது. 2023 அக்டோபர் 1 முதல் அதே நிறுவனம் வாரம் 5 நாளும் வரச் சொன்னது. நம்பி சொந்த ஊரில் வீட்டுக் கடன் போட்டவர்களின் நிலையை யோசித்துப் பாருங்கள். அதனால் இரண்டு பக்கத்திலும் காகிதத்தில் இருப்பதைத் தனியாகவும், ஆளை நம்பி இருப்பதைத் தனியாகவும் எழுதிப் பார்ப்பது நல்லது.

வீட்டிலிருந்து வேலை பார்த்தால் என்ன ஆகும் என்பதை சீனாவின் டிரிப் டாட் காம் நிறுவனத்தில் இரண்டு முறை சோதித்திருக்கிறார்கள். பிரிட்டிஷ் பொருளியலாளர் நிக்கலஸ் புளூம் இரண்டிலும் இருந்தார். 2010-11-ல் நடந்த முதல் சோதனையில் கால்சென்டர் ஊழியர்களில் ஒரு பகுதியினரை வாரம் 4 நாள் வீட்டிலிருந்து வேலை செய்ய விட்டார்கள். வேலை 13 சதவீதம் கூடியது, விலகுவோர் எண்ணிக்கை பாதியானது. ஆனால் அதே அளவு வேலை காட்டியும் அவர்களுக்குப் பதவி உயர்வு குறைவாகக் கிடைத்தது. சோதனை முடிந்ததும் பாதிப் பேர் போல ஆபீசுக்கே திரும்பினார்கள். தனிமை ஒரு பெரிய காரணம். பின்னர் 1,600-க்கும் மேற்பட்டவர்களை வைத்து நடத்திய சோதனையின் முடிவு 2024-ல் வந்தது. வாரம் 2 நாள் வீடு, 3 நாள் ஆபீஸ் என்ற ஏற்பாட்டில் விலகல் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது, பதவி உயர்வும் பாதிக்கப்படவில்லை. என் அபிப்பிராயம் இதையொட்டியதுதான். அனுபவம் நாலைந்து வருடத்துக்குள் இருந்தால், பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொடுக்கிற சீனியரை விட்டுவிட்டுப் போவது நஷ்டம். பத்து வருடம் கடந்தவருக்கு அந்த நஷ்டம் அவ்வளவாக இல்லை.

ஆகவே பேப்பர் போடுவதற்கு முன்னால், இருக்கிற மேனேஜரிடமே “சார், வாரம் ரெண்டு நாள் வீட்ல இருந்து பண்ணட்டுமா? மூணு மாசம் பாருங்க, டெலிவரி தப்பினா பழையபடி வந்துடறேன்” என்று கேட்டுவிடலாம். ஆஃபரைக் காட்டி மிரட்ட வேண்டாம். ஒத்துக்கொண்டால் ஒரு மெயிலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மேனேஜர் மாறினால் கையில் இருப்பது அதுதான்.

பணக் கணக்கில் டேக்-ஹோம் மட்டும் பார்த்து ஏமாறுகிறவர்கள் அதிகம். வெளிநாட்டு கம்பெனிகள் பலவும் வீட்டிலிருந்து வேலை செய்பவரை ‘கான்ட்ராக்டர்’ என்றே எடுக்கும். அப்படியானால் பி.எஃப். இல்லை, கிராஜுவிட்டி இல்லை. நிரந்தர ஊழியருக்கு 5 ஆண்டு முடிந்தால்தான் கிராஜுவிட்டி. கணக்கில் வரும் மாதச் சம்பளம் 30,000 என்றால் அதை 26-ஆல் வகுத்து, 15-ஆலும் 5-ஆலும் பெருக்க, ரூ.86,500 சொச்சம். ஐந்தாம் ஆண்டில் 240 நாள் வேலை செய்திருந்தாலே அது முழு ஆண்டாகும் என்று சென்னை உயர் நீதிமன்றம் முன்பு தீர்ப்பளித்திருக்கிறது. நாலே கால் வருடத்தில் அவசரப்பட்டு விலகுகிறவர் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அப்பா, அம்மாவையும் சேர்த்த குரூப் இன்ஷூரன்ஸ் இருந்தால் அதன் அருமை விட்ட பிறகுதான் தெரியும். தனி பாலிசியில் பழைய சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் 3 ஆண்டு வரை காத்திருக்கச் சொல்லலாம். வேலையை விடுமுன்பே, அதே இன்ஷூரன்ஸ் கம்பெனியில் தனி பாலிசிக்கு மாற முடியுமா என்று விசாரியுங்கள்.

குழந்தைக்குத் திட்டமிடும் பெண்களுக்கு இன்னொன்று. 26 வார மகப்பேறு விடுப்புச் சம்பளம் கிடைக்க, பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் அந்தக் கம்பெனியில் 80 நாளாவது வேலை செய்திருக்க வேண்டும். 2017-ல் வந்த திருத்தம், விடுப்பு முடிந்த பிறகு வேலைக்கு ஏற்ப வீட்டிலிருந்து செய்வதையும் அனுமதிக்கிறது. ஆனால் முதலாளி சம்மதிக்க வேண்டும். நல்ல மேனேஜருக்கு மதிப்பு கூடும் இடம் இது.

மிச்சமாகும் பெட்ரோலில் கொஞ்சம் மின்வாரியத்துக்குப் போகும். ஏ.சி. மணிக்கு ஒரு யூனிட் என்று வைத்தாலும் 8 மணி நேரம், இரண்டு மாதத்தில் 44 வேலை நாள்: 350 யூனிட். மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் 101 முதல் 200 யூனிட் வரைக்கான குறைந்த கட்டணமும் போய்விடும்.

இத்தனைக்குப் பிறகும் புது ஆஃபர்தான் சரி என்று பட்டால், ஆஃபர் லெட்டரில் ‘பணியிடம்’ என்ற வரியைப் படியுங்கள். அங்கே ஏதோ ஓர் ஆபீஸ் முகவரி போட்டு, ‘தற்போதைக்கு வீட்டிலிருந்து’ என்று இருந்தால், என்றைக்கு வேண்டுமானாலும் கூப்பிடுவார்கள். ஆவடி முகவரியையே பணியிடமாகப் போட்டுத் தரச் சொல்லி எச்.ஆருக்கு எழுதுங்கள். பதில் வந்த பிறகு பேப்பர் போடலாம்.