சுறாவா, திருக்கையா?

கடல் இல்லாத நம் பீளமேட்டிலும் பிள்ளை பெற்ற தாய்க்குச் சுறாப்புட்டு செய்து கொடுக்கும் வீடுகள் உண்டு. புட்டுக்குப் பேர்போனது பால் சுறா. கூரான மூக்கு, சாம்பல் நிற முதுகு, வெளுத்த வயிறு கொண்ட சின்ன மீன்.

மீன்கடையில் துண்டு போடுவதற்கு முன் செவுள் பிளவுகளைப் பாருங்கள். அவை பக்கவாட்டில் இருந்தால் சுறா. பெரும்பாலும் ஐந்து இருக்கும். அடிப்பக்கம் இருந்தால் திருக்கை இனம். ரம்பம் போன்ற மூக்குடைய வேளா மீனைப் பலரும் சுறா என்றே நினைக்கிறோம். அதன் செவுள் அடிப்பக்கம்தான் இருக்கிறது! அந்த ரம்பம் வலையில் எளிதாகச் சிக்கிவிடும். அதனாலேயே வேளா அருகிப்போனது, பெரிய இழப்பு.

கொம்பன் சுறாவுக்குச் சுத்தியல் தலை, இரு முனைகளிலும் கண்கள். புலிச் சுறாவின் வரிகள் குட்டியில் பளிச்சென்று இருக்கும், வயதாக ஆக மங்கும். உடலெங்கும் வெள்ளைப் புள்ளிகளும் தலையின் முன்விளிம்பிலேயே அகன்ற வாயும் இருந்தால் அது திமிங்கலச் சுறா. மீன்களிலேயே பெரியது, மிதவை உயிரிகளை வடிகட்டித் தின்னும் சாது. 2001 முதல் இந்தியாவில் அதைப் பிடிப்பது சட்டப்படி குற்றம்.