சட்டைப்பைக்குள் ஒரு தூரதிருஷ்டி

வேளாங்கண்ணிக்குச் செல்லும் குடும்பங்கள் மாதா கோயிலைத் தரிசித்து, கடலில் கால் நனைத்துவிட்டு, மாலையே ஊர் திரும்பிவிடுவது வழக்கம். தெற்கே வேதாரணியம் வழியாகச் சுமார் 50 கிலோமீட்டர் சென்றால் கோடியக்கரை வந்துவிடும் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. 1967-ஆம் ஆண்டு முதல் அது சரணாலயமாக இருந்து வருகிறது. மழைக்காலத்தையொட்டி அங்குள்ள ஆழமற்ற உப்பு நீரில் பூநாரைகள் வந்து இறங்குகின்றன. வெறுங்கண்ணுக்கு அவை வெகு தூரத்தில் ஒரு வெளிறிய கோடாகத்தான் தெரியும். கிட்டே நெருங்கினாலோ கூட்டம் முழுவதும் எழுந்து பறந்துவிடும். இரை தேட வந்த பறவைகளை நமது வேடிக்கைக்காக விரட்டியடிப்பது நியாயமாகுமா?

பறவையின் பசியையும் கெடுக்காமல், நம் ஆசையையும் நிறைவேற்றிவைப்பது பைனாகுலர் என்னும் இரட்டைத் தூரதிருஷ்டிக் கண்ணாடியே. இத்தாலி தேசத்துப் போர்ரோ என்பவர் 1854-இல் கண்டறிந்த முறைப்படி, உள்ளேயிருக்கும் முப்பட்டைக் கண்ணாடிகள் ஒளியை மடக்கித் திருப்புவதால் நீண்ட குழாய் குட்டையாயிற்று. இன்று அது சட்டைப்பையிலேயே அடங்குகிறது. ஆனால், எதை வாங்குவது என்பதில்தான் சங்கடம்.

கருவியின் மேல் 8×25 என்று பொறித்திருந்தால், முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்பதையும், இரண்டாவது எண் முன்கண்ணாடியின் குறுக்களவு எத்தனை மில்லிமீட்டர் என்பதையும் குறிக்கும். பெரிய எண்ணே உயர்ந்தது என்று நினைப்பது இயல்பு. கணக்குப் போட்டுப் பாருங்கள். 800 மீட்டர் தொலைவில் நிற்கும் பறவை 8 மடங்குக் கருவியில் 100 மீட்டரில் நிற்பது போலத் தெரியும். 10 மடங்கில் 80 மீட்டர். லாபம் இவ்வளவே. நஷ்டமோ அதிகம். கை நடுக்கமும் 10 மடங்காகும். கடற்காற்றில் காட்சி நிலைகொள்ளாது.

வெளிச்சத்தின் கதையும் அதுவே. இரண்டாவது எண்ணை முதல் எண்ணால் வகுத்தால், கண்ணுக்குள் வரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 8×25-க்கு அது 3 மில்லிமீட்டருக்குச் சற்று மேல், 10×25-க்கு இரண்டரை, 8×21-க்குச் சற்றேறக்குறைய அதே அளவு. நடுப்பகலில் கண்மணியின் துவாரம் சுருங்கியிருப்பதால் வித்தியாசம் புலப்படாது. பறவைகள் சுறுசுறுப்பாயிருக்கும் விடியற்காலையிலும் அந்தி வேளையிலுமே குட்டு வெளிப்படும். 8×32 இன்னும் பிரகாசமாயிருக்கும். ஆயினும் சுமார் அரைக் கிலோ எடையைச் சட்டைப்பை தாங்காது. 8×25 ஏறக்குறைய 300 கிராம். பிரயாணத்துக்கும் அன்றாட உபயோகத்துக்கும் அதுவே போதும். தஞ்சைப் பெரிய கோயிலில் 200 அடிக்கு மேல் ஓங்கிய விமானத்தின் மேல்நிலைச் சிற்பங்களையும் கழுத்து நோகாமல் அருகில் கொண்டுவந்து காட்டும்.

உள்ளங்கையளவுக் கருவியின் மேல் 30×60 என்று பொறித்து மலிவாக விற்பதும் உண்டு. பள்ளிச் சிறுவனின் அளவுகோல் ஒன்றே இந்தப் பொய்யை வெளிப்படுத்திவிடும். 60 மில்லிமீட்டர் என்பது ஏறக்குறைய இரண்டரை அங்குலம். முன்கண்ணாடியோ ஓர் அங்குலம்கூட இராது! பிற்பாதியில் பொய் சொல்பவன் முற்பாதியில் மெய் சொல்வானா?

மூக்குக் கண்ணாடி அணிந்த பெரியவர்கள், அதைக் கழற்றாமலே காட்சி முழுவதும் தெரிகிறதா என்று கடையிலேயே சோதிக்க வேண்டும். குழந்தைகளுக்காக, இரு குழாய்களும் போதுமான அளவு நெருங்கிவருகின்றனவா என்று பார்க்க வேண்டும். கடலோரத்து ஈரம் உட்புகுந்தால் பூஞ்சணம் படரும். ஆகையால் நைட்ரஜன் வாயு நிரப்பி நீர் புகாமல் மூடியதே சிலாக்கியம்.

ஓர் எச்சரிக்கை மிக முக்கியம். வேளாங்கண்ணிக் கடற்கரை கிழக்கு நோக்கியது. சூரியோதயம் காணக் கூடும் குழந்தைகளிடம் அந்தச் சமயத்தில் பைனாகுலரைக் கொடுக்கவே கூடாது. அதன் வழியே சூரியனை நோக்கினால் ஒரு கணத்தில் பார்வை பறிபோகலாம். உதயத்தை வெறுங்கண்ணால் சற்றே கண்டு மகிழ்ந்து, பிறகு கதிரவனுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, வெளிச்சம் விழுந்த பறவைகளைக் கருவியால் காணுங்கள்.

கடைக்குப் போவதானால் அந்தி மயங்கும் நேரத்தில் போங்கள். 8×25, 10×25 இரண்டையும் வாசலுக்கு எடுத்துவந்து எதிர்த்தெருப் பெயர்ப் பலகையைப் படித்துப் பாருங்கள். கடைக்காரர் சற்று முகம் சுளித்தாலும் பாதகமில்லை. எது நல்லது என்பதை உங்கள் கண்ணே சொல்லிவிடும்.